சும்மா வந்த மண்

என் வீட்டுக்கு மேலே இருந்த மனையைப் பல வருடங்களாக யாரும் வாங்கவில்லை. காரணம் கேட்கவே வேண்டாம், போய் நின்று பார்த்தால் போதும். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டித்தான் நிற்க முடியும். எங்கள் ஹோபார்ட் நகரத்தில் சரிவு என்பது புதிதில்லை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சாய்ந்துதான் வாழ்கிறோம். ஆனாலும் இது அளவுக்கு மீறியது. விற்க வந்த தரகர் ‘அருமையான ஆற்றுக் காட்சி’ என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார். அடுத்த குளிர்கால மழையில் அந்தப் பலகை சரிந்து என் வேலியில் வந்து சாய்ந்துகொண்டது.

அந்த மனையை வாங்கியவள் நெரிடா பாஸ்கோ. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அப்போது ஐம்பத்தெட்டு வயது. சீருடையோடு வந்து மேலே நின்று, முதல் வார்த்தையே இப்படித்தான் கத்தினாள்:

“யோவ், கீழ் வீட்டுக்காரரே! இங்கேருந்து ஒரு ஆப்பிளை உருட்டிவிட்டா நேரா உன் அடுப்படிக்கு வந்துருமா?”

“ஆப்பிள் வேணாம். பீர் பாட்டிலா இருந்தா உருட்டு” என்றேன்.

“ஓசின்னா எல்லாருக்கும் வாய் நீளுது பாரு” என்று சிரித்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு ‘யோவ் டெஸ்’. முப்பது வருடம் தபால்காரனாக இருந்து எத்தனையோ பேரிடம் எத்தனையோ பெயர் வாங்கியிருக்கிறேன். இது ஒன்றும் மோசமில்லை.

நெரிடா மேற்குக் கரையில் ஒரு சுரங்க ஊரில் பிறந்தவள். மழையும் கந்தகப் புகையும் மட்டுமே வளர்கிற ஊர். அப்பா சுரங்க விபத்தில் செத்துப்போய்விட்டார். அம்மாவுக்கு அதன் பிறகு படுக்கையை விட்டு எழ மனமே இல்லை. தம்பி ராட்னிக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குச் சட்டை துவைத்தது, பள்ளியில் கையெழுத்துப் போட்டது, கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் அவள்தான். பதினெட்டு முடிந்ததும் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்தாள். ராட்னி முதல் பொக்லைன் வாங்கியபோது வங்கிக்காரன் ஜாமீன் கேட்டான். நெரிடா போய்க் கையெழுத்துப் போட்டாள். படித்துக்கூடப் பார்க்கவில்லையாம். “தம்பிக்குப் போடற கையெழுத்துக்குக் கண்ணாடி எதுக்கு?” என்று என்னிடம் சொன்னாள்.

கல்யாணமும் ஆனது, முறிந்தும் போனது, புருஷன் வீட்டுப் பெயரான பாஸ்கோ மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டை விற்றுப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவள் பங்குக்கு வந்த பணத்தில் இந்த ஊரில் இப்போது ஒரு நல்ல கார்ஷெட் வாங்கலாம். வாடகை வீட்டில் இருந்தாள். வருடம் தவறாமல் வாடகையை ஏற்றினார்கள். அதனால்தான் யாரும் சீண்டாத மனையாகப் பார்த்து வாங்கினாள். ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது என்று வங்கி சின்னக் கடன்தான் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு டாலர்கூடத் தர மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டது. அந்தப் பணத்துக்குள் வீடு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மனையை விற்றுவிட்டு, சாகும்வரை அடுத்தவன் வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வரைபடம் போட்ட பெண் புத்திசாலி. சரிவைத் தொடவே தொடாதீர்கள் என்றாள். தூண்களை நட்டு அதன்மேல் மரவீடு. தெருப் பக்கம் வாசல் தெருவோடு சமமாக இருக்கும், ஆற்றுப் பக்கம் வீடு அந்தரத்தில் நிற்கும். சரிவில் செலவெல்லாம் மண்ணில்தான் போகும், மண்ணை விட்டுவிட்டால் பணம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். நெரிடாவும் தலையாட்டினாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராட்னி வந்தான்.

எனக்கு ராட்னியைப் பிடிக்கும். இப்போது எல்லோரும் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்கிறார்கள். எனக்குத் தெரியாது. சிரித்த முகம், பெரிய உடம்பு. மூன்று பொக்லைனும் இரண்டு டிப்பர் லாரியும் வைத்திருந்தான். யார் வீட்டு மரம் விழுந்தாலும் வந்து இழுத்துப் போடுவான். அந்த விளம்பரப் பலகை சாய்த்திருந்த என் வேலியைக்கூட, சொல்லாமலே வந்து நிமிர்த்திக் கொடுத்தவன் அவன். ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு பெட்டி பீர் கொடுத்தேன். இங்கே அதுதான் வழக்கம். வேண்டியவன் செய்கிற வேலைக்குக் காசு நீட்டினால் அவனை அவமானப்படுத்தியதாக அர்த்தம். எழுத்தில் கேட்டால் அதைவிட அவமானம். ஒரு பெட்டி பீரை வைத்துவிட்டு முதுகில் தட்டினால் கணக்குத் தீர்ந்தது.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு ராட்னி விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்ன அக்கா இது, கோழிக்கூடு கட்டப்போறியா? அடியில காத்து போகும். ஜூலைக் குளிர்ல கால் விறைச்சு செத்துருவ. எழுபது வயசுல துணி காயப்போட ஒரு அடி சமமா நிலம் வேணாமா உனக்கு?”

“சமம் பண்ண என்ன ஆகும் தெரியுமாடா? என் காசுக்கு வெறும் பள்ளம்தான் கிடைக்கும்.”

“காசா? என்கிட்டயா காசு பேசற? மேல வெட்டறேன், கீழ நிரப்பறேன், மட்டம் அடிச்சுத் தர்றேன். மேல கான்கிரீட் தளத்தைப் போட்டுக்கோ. மண்ணு பத்தலன்னா நானே கொண்டாறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி பீர் வையி. அவ்வளவுதான்.”

நெரிடா என் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “பாத்தியா டெஸ்? நான் வளர்த்த பையன்” என்றாள். தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான் என்பார்களே, அந்த முகம். புது வரைபடம் போடச் சொன்னாள். தூண் வீடு போய்த் தளவீடு வந்தது. வாடகைக் காசை மிச்சம் பிடிக்க ஒரு பழைய கேரவனை வாங்கி என் வீட்டு முன்னால் நிறுத்திக்கொண்டு அதிலேயே குடியேறினாள். அதற்குப் பதிலாக என் புல்லை வெட்டித் தருவதாக ஒப்பந்தம். ஒப்பந்தம் பேச்சோடு சரி, புல் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரலில் பொக்லைன் ஏறியது. மேல் பக்கம் வெட்டினான். வெட்டின மண் சரிவை நிரப்பக் கொஞ்சமும் போதவில்லை. டிப்பர் லாரிகள் வர ஆரம்பித்தன. காலையில் நெரிடா வண்டி ஓட்டப் போனதும் வரும், அவள் திரும்புவதற்குள் போய்விடும். கொட்டின கையோடு மேலே நல்ல சிவப்பு மண்ணைப் பரப்பி மட்டம் அடித்துவிடுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பீர்ப் பெட்டியோடு நிற்பாள். பொக்லைன் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் குடிப்பார்கள். சில நாள் எனக்கும் ஒரு பாட்டில் கிடைக்கும்.

ஒருநாள் கேட்டேன்: “இவ்வளவு மண்ணு எங்கேருந்து வருது நெரிடா? லாரிக்கு டீசல் ஊத்தணும், டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கணும். எல்லாம் பீருக்காகவா?”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதய்யா. உனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல, உனக்கு இது புரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஜூனில் மண்மேடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அந்தச் சரிவில் ஒரு சமதளம். நெரிடா அதன்மேல் அங்குமிங்கும் நடந்து, இது சமையலறை, இது படுக்கையறை என்று கையால் காற்றில் சுவர் எழுப்பிக் காட்டினாள். தளம் போட வந்த கான்கிரீட்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டின மண் இறுகியிருக்கிறது என்று ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் கான்கிரீட் ஊற்றுவேன் என்றான். ராட்னி அதற்கு, “நான் அடிச்ச மட்டத்துக்கு இன்னொருத்தன் கையெழுத்தா?” என்று கோபித்துக்கொண்டு போனான். நெரிடா வேறு வழியில்லாமல் இன்ஜினியரைக் கூப்பிட்டாள்.

துளை போடும் கருவியோடு வந்தார்கள். முதல் துளையில் ஒரு முழம் சிவப்பு மண், அப்புறம் நீல நிறக் குளியலறை ஓடு. இரண்டாவதில் தரைவிரிப்புத் துண்டு, மரத்தின் வேர்க்கட்டை. மூன்றாவதில் சாம்பல் நிறத்தில் நொறுங்கின தகடு வந்தது. இன்ஜினியர் கருவியை நிறுத்திவிட்டு எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொன்னார்.

“ஆஸ்பெஸ்டாஸ். இதோட தூசி உள்ள போனா நுரையீரலையே தின்னுரும். பழைய கட்டடத்து இடிபாடு. நான் இதை நகராட்சிக்குச் சொல்லியே ஆகணும்மா. மன்னிச்சுக்கங்க.”

அதை அள்ளி எடுத்து, முறைப்படி உறையிட்டு, அதற்கென்று இருக்கிற கிடங்கில் கொண்டுபோய்ப் புதைக்க ஆகும் செலவைச் சொன்னார். நெரிடாவின் வீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல். கொட்டியது யார் என்று தெரியாவிட்டால் மனைக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

அன்று அவள் தம்பியிடம் தொலைபேசியில் பேசியதை நான் என் வராந்தாவிலிருந்து கேட்டேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

“மண்ணுன்னா மண்ணுதான் அக்கா. எல்லா மண்ணுலயும் ஏதாவது கிடக்கும். அந்த இன்ஜினியர் பயந்தாங்கொள்ளி. நீ வாயத் திறக்காம இரு, எல்லாம் அடங்கிரும்.”

“எங்கேருந்துடா வந்துச்சு?”

“அங்கேருந்து கொஞ்சம், இங்கேருந்து கொஞ்சம். உன்கிட்ட ஒரு காசு வாங்கினேனா? இல்லல்ல? அப்புறம் என்ன?”

இரண்டு நாள் கழித்து பதில் தானாகவே அவள் பேருந்தில் ஏறியது. ஸ்பட் என்று ஒருவன், ராட்னியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். குடித்துவிட்டு ஓட்டி உரிமம் பறிபோனதால் இப்போது பேருந்தில் போகிறான். டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நல்லது சொல்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறான்:

“உன் தம்பி கில்லாடிம்மா. கரையோரத்துல அந்தப் பழைய மோட்டலை இடிச்சாங்கல்ல, இடிபாட்டை அள்ளிப் போட முழுக் காசும் வாங்கிட்டான். கிடங்குல கொட்டியிருந்தா வாங்கினதெல்லாம் கட்டணமாவே போயிருக்கும். உன் மனைல கொட்டினான், அத்தனையும் லாபம். புது லாரியே அதுலதான் வாங்கினான். உனக்கும் மனை சமமாச்சு, அவனுக்கும் காசாச்சு. குடும்பம்னா இப்படி இருக்கணும்.”

அவள் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டாளாம். நகரப் பேருந்து ஓட்டிய இருபத்தைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. பயணிகள் கத்தினபிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் சீருடையோடு உட்கார்ந்தாள்.

“நான் வீடு கட்டறேன்னு நினைச்சேன் டெஸ். அவன் என் மனையைக் குப்பைமேடாத்தான் பாத்திருக்கான். அதுக்கு நான் வாரா வாரம் பீர் வேற வாங்கிக் குடுத்திருக்கேன்.”

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் திட்டவில்லை. நான் திட்டுவதையும் நிறுத்தச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நகராட்சி அதிகாரி வருகிற நாளுக்கு அவள் ராட்னியை வரச் சொன்னாள். “நீ எதுவும் பேச வேணாம். வந்து பக்கத்துல நில்லு, போதும்” என்றுதான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைப் பற்றித் தெரியும், எங்கள் ஊரைப் பற்றியும் தெரியும். இங்கே திருடினவனை மன்னிப்பார்கள். குடித்துவிட்டு அடித்தவனைக்கூட ஒரு வருடத்தில் மன்னிப்பார்கள். அதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவனை மட்டும் புதைகுழி வரை மன்னிக்க மாட்டார்கள். பள்ளியில் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். அதனால் அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதிகாரி மெல்லிய குரல்காரப் பெண். மழைக்கோட்டும் முழங்கால் வரை காலணியும் போட்டிருந்தாள். ராட்னி தாமதமாக வந்தான், தேய்த்த சட்டையோடு. அவனைத் தேய்த்த சட்டையில் நான் பார்த்ததே இல்லை. நெரிடா அவனைப் பார்த்ததும் ஓரடி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவன் அங்கே போய் நிற்கவில்லை. அதிகாரியின் பக்கத்தில் போய் நின்றான்.

“இந்த இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டினது யாருன்னு தெரியுமா?” என்று அதிகாரி கேட்டாள். கேள்வி நெரிடாவுக்கு. நெரிடா வாயைத் திறந்தாள்.

அதற்குள் ராட்னி முந்திக்கொண்டான்.

“நான் சொல்றேன் மேடம். நான் மேல வெட்டி மட்டம் அடிச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான். வெளியேருந்து எது வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ‘மண் இலவசமாகத் தேவை’ன்னு இன்டர்நெட்ல போட்டா எவனெவனோ வந்து கொட்டிட்டுப் போவான். எங்க அக்காவுக்குக் காசு விஷயத்துல கொஞ்சம் கை இறுக்கம். ஓசின்னா யோசிக்காம வாங்கிருவாங்க. வேணாம்னு நானே சொன்னேன். கேக்கல.”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அக்காவுக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி தலையை வேறு ஆட்டினான்.

நெரிடா தன் பக்கத்தில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, பேருந்தில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“ராட்னி ப்ரீன். இதோ நிக்கறான், என் தம்பி. வண்டி ரெண்டும் அவனோடது. கரையோர மோட்டல் இடிபாடு. லாரி ஓட்டின ஆள் பேரும் எனக்குத் தெரியும். எழுதிக்கங்க.”

“அக்கா!” என்றான் ராட்னி. அவள் திரும்பவில்லை.

மோட்டலை இடித்தவர்கள், இடிபாட்டை ராட்னியிடம் கொடுத்ததைக் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் காசு கொடுத்தவர்கள், அவர்களுக்கென்ன பயம்? உத்தரவு ராட்னி பெயருக்கு வந்தது. வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிய ஆட்கள் வந்து ஒரு மாதம் அள்ளினார்கள், அவன் செலவில். புது லாரியையும் ஒரு பொக்லைனையும் அவன் விற்க வேண்டியதாயிற்று. பழைய சரிவு பழையபடி வெளியே வந்தது. ஆனால் மேல் பக்கம் வெட்டிய காயம் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஊர் என்ன செய்யும் என்று நான் பயந்தேனோ அதைத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை ஊர்க் கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கும்போது அவள் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். மூன்றாவது வாரத்தோடு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். என் வீட்டு முன்னால் நின்ற கேரவன் கதவில் ஒருவன் ‘நாய்’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனான். போட்டுக்கொடுத்தவளுக்கு இங்கே அதுதான் பெயர். நான் தேய்த்து அழிக்கப் போனேன். “விடுய்யா, கேரவனை விக்கும்போது பாத்துக்கலாம்” என்றாள். ராட்னியின் மனைவி கடையில் என்னைப் பார்த்து எல்லோரும் கேட்கும்படி, “கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுக்கறவ எல்லாம் ஒரு பொம்பளையா?” என்றாள். “கூடப்பிறந்தவ தலைல விஷத்தைக் கொட்டறவன் ஆம்பளையா?” என்று நானும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ரொட்டி வாங்க மறந்துவிட்டேன்.

கான்கிரீட் தளத்துக்கான வரைபடம், இன்ஜினியர், காத்திருந்த மாதங்கள் எல்லாம் சேர்ந்து அவள் பணத்தில் ஒரு துண்டைத் தின்றுவிட்டன. வரைபடம் போட்ட பெண்ணிடம் திரும்பப் போனாள். அந்தப் பெண் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு. முதல் வரைபடத்தையே எடுத்து ஓர் அறையை வெட்டினார்கள். ஆற்றுப் பக்கம் நீள வேண்டிய மர மேடையை, பணம் வரும்போது பார்க்கலாம் என்று விட்டார்கள். மேடைக்குப் போகிற கதவைத் திறந்தால் நேரே வானம்தான். அதனால் ஆணி அடித்து மூடி வைத்தார்கள். அடுத்த கோடை முடிவதற்குள் தூண்களின்மேல் வீடு நின்றது. வங்கி கொடுத்த பணத்துக்குள்.

குடிபோன அன்று வந்தவர்கள் குறைவு. பேருந்துப் பணிமனையிலிருந்து நாலைந்து பேர், வரைபடம் போட்ட பெண், நான். எல்லோரும் போனபிறகு நானும் அவளும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஆறு முழுவதும் தெரிந்தது. கீழே என் கூரையும் தெரிந்தது, தகரம் துருப்பிடித்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“நல்லா குடுத்த அவனுக்கு! அன்னிக்கு நீ பேரைச் சொன்ன பாரு, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! எத்தனை நாளா யோசிச்சு வச்சிருந்த?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“யோவ், வாயை மூடு.”

“என்ன சொல்லிட்டேன்?”

“நான் அவன் பேரைச் சொல்ல அங்க நிக்கல. நான்தான் கொட்டச் சொன்னேன்னு சொல்றதுக்கு நின்னேன். ராத்திரி பூரா கண்ணாடி முன்னாடி சொல்லிச் சொல்லிப் பாத்தேன், வாய் தடுமாறக் கூடாதுன்னு. மனையை வித்து அந்தச் செலவைக் கட்டிரலாம்னு தரகர்கிட்டயும் பேசி வச்சிருந்தேன்.”

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அவன் வாயே திறக்க வேணாம்யா. சும்மா வந்து என் பக்கத்துல நின்னிருந்தா போதும். இந்த வீடு இருந்திருக்காது. எனக்குத் தம்பி இருந்திருப்பான்.”